இடது புறங்கால்

...இரண்டு, அவ்வளவுதான், இரண்டரைகூடக் கொடுக்க முடியாது, இதற்கா ஊரே அலறுகிறது என்று நினைத்தபடி வெற்றிசெல்வன் நோட்டில் எண்ணை எழுதினார். இடுக்கியில் பிடித்திருந்த கதண்டு அவருடைய இடது புறங்காலில் கொட்டிவிட்டு இன்னும் வயிற்றைச் சுருக்கிச் சுருக்கி நீட்டியது. பெரிய குளவிதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பனைமரத்தில் இது கூடு கட்டியதும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறார்களே, அவர்களில் ஒருவனாவது கொட்டு வாங்கி, கடிகாரம் பார்த்து, வலிக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை எழுதியிருப்பானா? இருபத்தாறு வருடமாக அவர் எழுதுகிறார், எறும்பு, தேனீ, குளவி, எல்லாம் அதே இடது புறங்காலில், ஏனென்றால் ஒரு கைக்கு இடுக்கி, இன்னொரு கைக்குப் பேனா, முறை என்றால் இதுதான் முறை. துரைராசுவுக்கு என்ன முறை தெரியும்? தஞ்சாவூர் ஆபீசில் ஏசியில் உட்கார்ந்து செத்த பூச்சியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள், போன வாரம் கேட்கிறான், "எல்லா நம்பரும் ஒங்க ஒத்தக் கால்லேர்ந்துதானண்ணே வந்துருக்கு? இன்னும் நாலு பேருக்குப் பாக்கலாமே"... யாருடைய காலில், அவனுடையதிலா? ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவன். தொண்ணூற்றொன்பதில் கதண்டுக்கு நான்கரை, அப்புறம் நான்கு, மூன்று, இப்போது இரண்டு, டெல்டாக் கதண்டின் விஷம் குறைந்துகொண்டே வருகிறது, கண்டுபிடித்தது ஒரே ஓர் ஆள், நாளை ஊர் ஊராகக் கொடுக்கப்போகும் துண்டறிக்கையிலும் அதுதான் இருக்கிறது, கதண்டு கொட்டினால் பதற வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

அவர் நின்ற வரப்புக்குக் கீழே குத்தாலத்து வயலில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது, குனிந்த முதுகுகளில் ஒன்று எல்லையம்மாளுடையது, போன வருடம் அவளைக் கதண்டு கழுத்தில் கொட்டியது, மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை, சொல்லு என்று இவர் கேட்டதற்கு, "அஞ்சுக்கு மேல ஒன்னும் இல்லியா சார்? இருந்தா அதப் போட்டுக்கங்க" என்றாள், நடவுப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், அவர் அதை எழுதவே இல்லை, வேலைக்கு மட்டம் போட ஒரு சாக்கு, இவர்களுக்கு வலி என்றாலே நாடகம்தான். இவர்களுக்கு மட்டுமா? சித்திரை மத்தியானம் பெரிய கோவில் கல்தரையில் மனைவி கயல்விழியும் அவள் அண்ணன் குடும்பமும் நிழலுக்கு நிழல் கோழி மாதிரி தத்திக்கொண்டு ஓடினார்கள், அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்தார், "ஒங்களுக்குச் சுடலியா?" என்றாள், மனசுதான் காரணம் என்று சொன்னார், மறுநாள் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "சக்கரை ஒடம்பு, டாக்டர்ட்ட காலக் காட்டுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள், மாத்திரை போடுகிறாரே, அது போதாதா...

"சார், இந்தாங்க ஒங்க செருப்பு." எல்லையம்மாள் வரப்பில் நின்றாள், கையில் ஒற்றைச் செருப்பு. "மதகுகிட்டயே கழண்டு கெடந்துச்சு. திரும்பி வந்து எடுப்பீங்கன்னு பாத்தா, நீங்க பாட்டுக்கு நடக்குறீங்க." கொட்டு வாங்குவதற்காக நான்தான் கழற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தார், கழற்றினோமா? குனிந்தபோது கால் வெறுமையாக இருந்தது, பழக்கத்தில் முன்பே கழற்றிவிட்டோம் என்றல்லவா நினைத்தார், மதகு எங்கே, இந்த இடம் எங்கே... "அய்யய்ய, ரத்தம் சார்." பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், கருவேல முள், பாதி உள்ளே. அவள் குனிந்து பிடுங்கினாள், பிடுங்கியது தெரிந்தது, கண்ணுக்கு மட்டும். புறங்கால் வீங்கிக்கொண்டிருந்தது, தொண்ணூற்றொன்பதில் வீங்கிய அதே அளவு, அதே சிவப்பு. முள்ளுக்கு என்ன எண்? கொப்புளம் சித்திரையில், அதற்கு முன்னால்? மூன்று என்று எழுதிய வருடம் குறைந்தது கதண்டா, காலா? நோட்டில் எந்தப் பக்கத்திலிருந்து எண்களை அடித்துவிட வேண்டும்?

சட்டைப்பையில் போன் அடித்தது, அச்சகத்துக்காரர். "சார், நோட்டீஸ ஓட்டிரலாமா? மிஷின் சும்மா நிக்குது." அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எல்லையம்மாளின் கழுத்தைப் பார்த்தார், அந்தக் கருத்த தழும்பு இத்தனை நாளும் அங்கேதான் இருந்ததா?

"அஞ்சுக்கு மேலன்னு சொன்னீங்களே," என்றார், "எவ்வளவு மேல?"

"சார்? ஓட்டவா?" என்றது போன்.