இருபத்தொன்றுக்கு மேல்

ரக்னாவின் இடது காலணிக்குள் அப்பா ஒரு காகிதத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அதில் மசியால் பெரிதாக 21 என்று எழுதியிருந்தது.

"போட்டுக்க. வயசு கேட்டா, இருபத்தொண்ணுக்கு மேலன்னு சொல்லு. மேலதானே நிக்கிற? பொய் இல்ல."

அமெரிக்காவின் டக்கோட்டாவில் அரசு இருபத்தொரு வயது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு நிலம் கொடுத்தது; பாதிப் பேர் இப்படித்தான் சத்தியம் செய்து நிலம் வாங்கினார்கள். ரக்னாவுக்குப் பதினேழு.

அப்பா ஹால்வோர் பன்றி விற்கும்போதுகூடப் பொய் சொல்லாதவர். ஆனால் கிணறு உப்பாகிவிட்டது. பசு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து நிலத்து ஊற்றிலிருந்துதான் அம்மா தோளில் தடி வைத்து வாளி சுமந்தாள். அந்த நிலம் இன்னும் யார் பெயரிலும் இல்லை. அப்பா தன் பங்கை முன்பே வாங்கியாயிற்று. கல்யாணமான அம்மா கேட்க முடியாது. ரக்னா கேட்கலாம், வயது மட்டும் இருந்தால்.

பதிவு அலுவலகத்தில் அவர்களுக்குப் பின்னால் மாட்டுப் பண்ணைக்காரன் கிரிம்ஸ்ட் நின்றான். அவனுக்கும் அதே ஊற்று வேண்டும். "பாப்பாவுக்குப் பல்லெல்லாம் மொளச்சிருச்சா?" என்றான். வரிசை சிரித்தது.

அதிகாரி வேதப்புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி வயதைக் கேட்டார். ரக்னா சொன்னாள். அவர் எழுதவில்லை. அவள் காலணியைப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. ரெண்டையும் கழட்டி ஓரமா வையும்மா. வெறுங்காலோட நின்னு சொல்லு."

அப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். "வா, போலாம்" என்றார் மெதுவாக. அவருடைய நியாயம் அந்தக் காலணியோடு முடிந்துவிட்டது. கிரிம்ஸ்ட் ஓர் அடி முன்னால் வந்தான். அம்மாவின் தோளில் தடி பதிந்த தழும்பு ரக்னாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. கையை விடுவித்துக்கொண்டாள். பலகைத் தரை ஜில்லென்றிருந்தது.

"இருபத்தொண்ணுக்கு மேல."

அதிகாரி அவளையே பார்த்தார். "இது உன் வார்த்தை. உங்கப்பாவோடது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

அப்பா வண்டியை வீட்டுப் பாதையில் ஓட்டினார். ஊற்றருகே கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார்.

"குதிரைங்க குடிக்கலாமா?"

கேலியா, கோபமா, தெரியவில்லை. இதுவரை அவர் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. தலையசைத்துவிட்டு இறங்கிக் காலணியைக் கழற்றினாள். வியர்வையில் ஊறிய மசி உள்ளங்காலில் ஒட்டியிருந்தது. எண் இடவலம் மாறி, பன்னிரண்டு போலத் தெரிந்தது. காலைத் தண்ணீரில் வைத்து மணலால் தேய்த்தாள். குதிரைகள் குடித்து நிமிர்ந்த பிறகும் அது போகவில்லை.