வெள்ளிக்கிழமை வாளி

சித்தியின் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், நான் மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன் என்பதுதான். "இந்த வீட்ல ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்" என்றார் சித்தப்பா. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எண்ணத் தெரியும் என்று எனக்கு அவ்வளவு உறுதியில்லை. எதையும் இரண்டு முறை எண்ணுவேன். விடை வேறுவேறாக வந்தால் மூன்றாம் முறையும் எண்ணுவேன்.

சித்தி பெரிய மருத்துவமனை ஒன்றில் நோய்க்குறியியல் மருத்துவர். மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதித் தருவார். அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது பகலில் என் வேலை. நோயாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பதேயில்லை. "என் பேஷண்ட் ஒவ்வொருத்தரும் நகத்தளவுதான். எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்பார்.

துறைத் தலைவர் பதவி காலியாகியிருந்தது. போட்டியில் இரண்டே பேர்: சித்தி, பக்கத்து அறையில் சிறுநீரகம் பார்க்கும் மருத்துவர். விண்ணப்பத்தில் எல்லாக் கட்டுரைகளையும் வரிசையாகத் தர வேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்றும் காட்ட வேண்டும். கடைசியில், "உங்கள் மிக முக்கியமான ஐந்து வெளியீடுகள்" என்று ஒரு கட்டம்.

சித்தியிடம் முப்பத்தோரு கட்டுரைகள் இருந்தன. பெரும்பாலானவற்றை யாரோ பத்துப் பதினைந்து பேர் எடுத்தாண்டிருந்தார்கள். ஏழாவதை மட்டும் இருநூறு பேருக்கு மேல்.

"ஏழாவதுதான் நம்ம வீட்டு மூத்த பிள்ளை" என்றார் சித்தப்பா. "அது சம்பாதிச்சுத்தான் மத்த முப்பதும் சாப்பிடுது."

சித்தி வெட்கத்துடன் சிரித்தார். ஆனால் எண்ணிக்கையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

அந்தக் கட்டுரை சொல்வது இதுதான். சில கட்டிகளின் செல்களில் ஹார்மோன் ஏற்பி இருக்கும். சாயம் போட்டால் அவை பழுப்பாகும். பழுப்பானால் தினம் ஒரு மாத்திரை பலன் தரும். ஆகாவிட்டால் அந்த மாத்திரை வீண், கொடுக்க மாட்டார்கள். இளம் பெண்களின் கட்டிகள் மற்றப் பெண்களின் கட்டிகளைவிட அதிகமாகப் பழுப்பாகாமல் போகின்றன என்று சித்தி கண்டிருந்தார். ஆகவே இளம் பெண்ணுக்கு "இல்லை" என்று வந்தால் அதை நம்பலாம், மறுபடி சோதிக்க வேண்டியதில்லை என்று முடித்திருந்தார்.

விண்ணப்பத்தோடு நேர்காணலுக்குப் போக இரண்டு வாரம் இருந்தபோது சித்தி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார். ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதிக்கிறவர் கதவருகே நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் மெழுகு அண்ணன்.

"என்ன தெரியுது?"

"ஓரத்துல பழுப்பு. நடுவுல வெளுப்பா இருக்கு. நான் சரியாத்தான் பார்க்கறேனா, சித்தி?"

"சரியாத்தான் பார்க்கறே. நான்தான் பார்க்கல."

பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்மணி. எட்டு வருடம் முன்பு கட்டியை எடுத்தார்கள். "ஏற்பி இல்லை" என்று சித்தி கையெழுத்திட்டிருந்தார். இப்போது அதே தழும்பில் கட்டி திரும்பியிருந்தது. புதிய கட்டி நன்றாகப் பழுப்பானது. சந்தேகப்பட்டு, பழைய திசு பதித்த மெழுகுக்கட்டிகளை எல்லாம் எடுத்து மறுபடி சீவச் சொன்னார் சித்தி. ஓரத்துத் துண்டில் பழுப்பு வந்தது, நடுவில் வரவில்லை.

"நடுவுல இருக்கற நல்ல செல்லைப் பாரு. அதுகூடப் பழுப்பாகல. நல்ல செல் பழுப்பாகலன்னா டெஸ்ட்டே செல்லாது. இதை நான் வருஷா வருஷம் பாடம் நடத்தறேன்."

மெழுகு அண்ணன் தொண்டையைச் செருமினார். "டாக்டர், இது வெள்ளிக்கிழமை வாளி."

அறுவை அறையிலிருந்து திசு, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்து ஊற்றிய வாளியில் வரும். மற்ற நாட்களில் அன்றே யாராவது அதைப் பாளம் பாளமாக வெட்டிப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை தாமதமாக வருவது முழுசாகவே ஊறும், திங்கள் காலை வரை. ஆய்வகத்தில் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வெள்ளிக்கிழமை வாளி என்றால் நன்றாக ஊறிய சரக்கு, கத்தி வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள். மருந்து உள்ளே மெதுவாகத்தான் இறங்கும், அது நடுவை எட்டுவதற்குள் நடு கெட்டுவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"அப்போ நான் வெட்டிட்டுப் போயிருக்கணுமா, டாக்டர்?"

"உங்களை யாரு வெட்டச் சொன்னா? ஒருத்தரும் சொல்லல. கட்டுரையில முதல் பேரு என்னோடது, அண்ணே. வாங்கிக் கட்டிக்கறதும் நான்தான்."

அடுத்து என்னிடம் கேட்டார். ஏழாவது கட்டுரையின் எண்களை அறுவை நடந்த கிழமைப்படி பிரிக்க முடியுமா என்று. முடியும் என்றேன். தப்பாகப் பிரித்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது, அதையும் சொன்னேன். "என் சந்தேகம் தப்பா வந்தா நல்லதுதான். செய்" என்றார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரித்தேன். வித்தியாசம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். இப்படி வேண்டிக்கொண்டு கணக்குப் போடக்கூடாது என்றுதான் மாலை வகுப்பில் சொல்கிறார்கள். வந்துவிட்டது. வெள்ளியைத் தள்ளிவிட்டால், இளம் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை.

"வெள்ளிக்கிழமைக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சித்தப்பா.

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "சின்ன வயசுக்காரிங்கதான் வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்குவாங்க. வேலைக்கு லீவு மிச்சம். சனி, ஞாயிறு பிள்ளைங்களைப் பார்த்துக்க வீட்ல புருஷன் இருப்பான். அவங்க கட்டியில ஒண்ணுமில்ல. எங்க வாளியிலதான்."

பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை 'இல்லை'ன்னு எழுதின பொம்பளைங்களை நாளைக்கே கூப்பிடு. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா கட்டுரையை வாபஸ் வாங்கறதை நேர்காணல் முடிஞ்சு செய்யேன். இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் பத்து நாள் இருந்தா குடியா முழுகிடும்?"

சித்தி சரி என்று தலையசைத்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், ஆறுதலாகவும் இருந்தது.

திங்களன்றே மருத்துவமனை அந்தப் பெண்களுக்குத் தகவல் அனுப்பத் தொடங்கியது. வேன் ஓட்டுநரைத் தானே பார்க்கிறேன் என்று சித்தி கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மதியம் குறிப்பெடுக்க நான் உடன் இருந்தேன். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சித்தி எதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண்மணி அழவில்லை, திட்டவில்லை.

"எட்டு வருஷமா அந்த மாத்திரை எனக்குக் கிடைச்சிருக்கணும்."

"ஆமாம்மா."

"இனிமே சாப்பிட்டா கேட்குமா?"

"கேட்கும்னு நம்பறேன்."

"நம்பறீங்களா, தெரியுமா, டாக்டர்?"

"நம்பறேன். தெரியாது."

"சரி. போன தடவை தெரியும்னு எழுதிட்டீங்க." சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஸ்கூல் விடற நேரமாச்சு."

மறுநாள் மாலை, வகுப்புக்குக் கிளம்பும் முன் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவதற்கு எதிரே எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. சித்தியிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். சொன்னேன்.

"யாரு புதுசா?"

"ஏதோ சிகிச்சை வழிகாட்டி, சித்தி. போன மாசம் வந்திருக்கு."

"என்ன சொல்றாங்க? படி."

படித்தேன். இளம் நோயாளிகளுக்கு ஏற்பி இல்லை என வந்தால் மறுசோதனை அவசியமில்லை. ஆதாரம்: சித்தியின் பெயர்.

சித்தி கையிலிருந்த துண்டை மடித்து நாற்காலி மேல் வைத்தார். "இருநூறு, இருநூறுன்னு குதிச்சோமே. இருநூறு இடத்துல 'திரும்பப் பார்க்காதீங்க'ன்னு நான் சொல்லிட்டு இருக்கேன். இப்போகூட."

"நேர்காணலுக்கு இன்னும் எட்டே நாள்" என்றார் சித்தப்பா, மெதுவாக.

"தெரியும். இந்த எட்டு நாள்ல எத்தனை வெள்ளிக்கிழமை வரும்னு கேளுங்க. ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சித்தப்பா எழுந்தார். சித்தி உட்காரும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, விளக்கைத் திருப்பி வைத்துக் கொடுத்தார். நான் வகுப்புக்குப் போகவில்லை.

வாபஸ் குறிப்பு அரைப் பக்கம்கூட வரவில்லை. என்ன தவறு, எப்படி நேர்ந்தது, எந்த வாளியில் வந்த திசுவை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். கட்டுரையைக் கூட எழுதியவர்களுக்குப் போன் செய்து சம்மதம் கேட்டார். ஒருவர் கத்தினார், அறை முழுக்கக் கேட்டது. கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். கட்டுரை வந்த இதழ் அதை அந்த வாரமே ஏற்றுத் தன் பக்கத்தில் போட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சிக்கல். வாபஸ் குறிப்பும் இதழில் தனி எண்ணோடு வந்திருந்தது. அப்படியானால் அதுவும் ஒரு வெளியீடு. பட்டியலில் இப்போது முப்பதா, முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா?

"ஒண்ணை இழந்து ஒண்ணு கூடிருச்சு" என்றார் சித்தப்பா. "இந்த மாதிரி வியாபாரம் என் கடையில நடந்தா நல்லா இருக்கும்."

சித்தி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். ஏழாவதை எடுக்க வேண்டாம், "திரும்பப் பெறப்பட்டது" என்று பக்கத்தில் போடு என்றார். ஐந்து முக்கிய வெளியீடுகள் என்ற கட்டத்தில் முதலிடத்தைக் காட்டி, "இங்க அந்த அரைப் பக்கத்தைப் போடு" என்றார்.

"முதல்லயா, சித்தி? தப்பா நினைச்சுக்கப் போறாங்க."

"மத்த நாலையும் படிச்சு யாரும் எதையும் மாத்திக்கல. இதைப் படிச்சா மாத்திக்கணும். கேட்டது முக்கியமானதுதானே?"

போட்டேன். சரியா தப்பா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நேர்காணலில் அதைப் பற்றியே பேசினார்களாம், மரியாதையாகத்தான். பதவி சிறுநீரகக்காரருக்குப் போயிற்று. சித்தி வீட்டுக்கு வந்து, கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினார். சத்தம் பக்கத்து வீடு வரை போயிருக்கும்.

"பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் சித்தப்பா.

"எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சுங்க. ரொம்ப வேணும்னு இருந்துச்சு."

சித்தப்பா ஒரு துணியை எடுத்து, அவர் கழுவிப் போட்டதை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

இன்று வெள்ளிக்கிழமை. மேசையில் மூன்று தட்டு வைத்துக் காத்திருந்தோம். சித்தியின் போன் வந்தது, சித்தப்பா ஒலியைப் பெரிதாக்கினார்.

"சாப்பிட்டுடுங்க. வாளி இப்போதான் வந்துச்சு. நானும் மெழுகு அண்ணனும் வெட்டிப் போட்டுட்டு வரோம்."

"அதுக்குப் புதுத் தலைவர் ஆள் போடலியா?"

"போட்டிருக்கார், திங்கள்லேர்ந்து. இது இன்னைக்கு வந்தது இல்லையா?"

சித்தப்பா ஒரு தட்டை எடுத்து மூடி வைத்தார். நான் பட்டியலைத் திறந்தேன். ஏழாவதற்கு எதிரே எண்ணிக்கை கூடவில்லை. கடைசியில் இருக்கும் வாபஸ் குறிப்புக்கு எதிரே, இதுவரை பூஜ்யம் இருந்த இடத்தில், ஒன்று.