இணையத்தில் முப்பத்தெட்டு கோடி

...அந்த நாலு கோடி எங்கே போயிருக்கும், போன மாதம் வரை நாற்பத்திரண்டு என்றுதானே போட்டிருந்தான், இப்போது முப்பத்தெட்டு என்கிறான், சகாய ஆனந்த் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான், போட்ட கையோடு மறுபடியும் எடுத்துப் பார்த்தான், முப்பத்தெட்டேதான். 'பிரபல ராக் கிட்டாரிஸ்ட் சகாய ஆனந்தின் சொத்து மதிப்பு' என்று தலைப்பு, கீழே கடலைப் பார்த்த வீடு, இரண்டு வெளிநாட்டுக் கார், இருபத்தேழு கிட்டார்... எந்த மகராசன் உட்கார்ந்து எழுதுகிறானோ, வளசரவாக்கத்து மாடி அறைக்கு வாடகை பாக்கி இருப்பதை மட்டும் ஒருத்தனும் எழுதுவதில்லை. இல்லாத பணம் குறைந்து போனதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? அவன் பட்டான். காலையில் அதைப் பார்த்ததிலிருந்து சோறே இறங்கவில்லை, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறான், அக்கா எழுந்ததும் ஜெபமாலையைத் தேடுகிற மாதிரி.

அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆண்டிமடம் பத்திர ஆபீசின் மர பெஞ்சில், மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி. அமலோற்பவமேரி என்ற பெயரை இன்னும் மூன்று பேருக்கு அப்புறம்தான் கூப்பிடுவார்கள், அதற்குள் நாலு தடவை எழுந்து எட்டிப் பார்த்துவிட்டாள். அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பு, இரண்டு பேர் பெயரிலும் இருப்பது, இன்றைக்கு விடுதலைப் பத்திரம் எழுதி அவள் பெயருக்கு மட்டும் ஆகப்போகிறது. ஆகட்டுமே, அவள்தானே பார்க்கிறாள், அத்தான் போன பிறகும் ஒற்றை ஆளாக நின்று மருந்தடித்து, பொறுக்கி, கொட்டை உடைத்து... பட்டா ஒரே பெயரில் இருந்தால்தான் கொட்டை உடைக்கிற மெஷின் போட பேங்கில் லோன் தருவார்களாம். அவள் சும்மாவும் கேட்கவில்லை. "ஒன் பங்குக்கு என்னா வெலையோ அத வாங்கிக்கடா தம்பி, லோனு வந்தோன்ன மொத வேலையா குடுத்துடுறேன்" என்றாள் போனில். வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வாடகை தீர்ந்திருக்கும், ஒரு வருஷத்துக்கு மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் வாய் இருக்கிறதே, அது முப்பத்தெட்டு கோடிக்காரன் வாய். "ஒங்கிட்டப் போயி காசு வாங்குவனாக்கா? நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் அழுதாள். அந்த அழுகை அவனுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை.

இப்போது சொன்னால் என்ன? அக்கா, என்னிடம் ஒன்றும் இல்லை, என் பங்கு எனக்கு வேண்டும் என்று... எப்படி ஆரம்பிப்பது? வரதராஜன்பேட்டை கோயிலில் பாடற்குழுவோடு வாசித்தவன், சென்னைக்குப் போய் நாலு பேரோடு பேண்டு கட்டினான், ஒரே ஒரு பாட்டின் நடுவே அவன் வாசித்த துண்டு ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்தது, கல்லூரிக்குக் கல்லூரி, துபாய், சிங்கப்பூர், பையன்கள் அவனை மாதிரியே முடி வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பாட்டின் உரிமையை முதல் வருஷமே ஒரு கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்திருந்தான், ஒரு பைக் வாங்குகிற காசுக்கு. அப்போதும் இப்படித்தான், ஒரு ஆபீஸ், ஒரு மேசை, சிரித்துக்கொண்டே கையெழுத்து. பேண்டு உடைந்தது, ஃபிளாட் போனது, கிட்டார்கள் ஒவ்வொன்றாகப் போயின... ஊருக்கு வரும்போது மட்டும் நல்ல சட்டை, கறுப்புக் கண்ணாடி. காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு, "கார்ல வரலீங்களா சார்?" என்றார். "நம்ம ஊருக்கு பஸ்லதாங்க வரணும்" என்றான். என்ன எளிமை என்று வியந்து போனார் அவர். எளிமையாம்.

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா பதறி எழுந்தாள், அவனும் பின்னால் போனான், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தே நின்றுவிட்டாள், கழுத்து அட்டையில் பூங்குழலி என்று இருந்தது. "சார், காலேஜில ஒங்க பாட்டுக்குத்தான் சார் நாங்கல்லாம் ஆடுனம்." முதலில் அக்காவின் ரேகை. பெருவிரலை வைத்தாள், மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல்... அக்கா ஏதோ தப்பு செய்துவிட்டவளாக முந்தானையில் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "பரவால்லம்மா, கொட்டை ஒடைக்கிறவங்க யாருக்குமே இங்க சீக்கிரம் வுழாது. கொட்டை ஓட்டுல இருக்குற எண்ணெய் தோலைத் தின்னுடுது, கையில சாம்பல் பூசிக்கிட்டாலும் நிக்காது" என்றாள் பூங்குழலி. கடைசியில் இடது மோதிர விரலில் எப்படியோ விழுந்தது. அடுத்து அவன். இடது ஆள்காட்டி விரலை வைத்தான், வைத்ததுமே பச்சை விளக்கு. "அட, பளிச்சுன்னு வுழுந்துடுச்சே சார்! கிட்டாரு கம்பிய அழுத்தி அழுத்தி காய்ச்சுப் போயிருக்கும், வுழாதுன்னு நெனச்சேன்" என்று அந்தப் பெண் வெள்ளையாகச் சிரித்தாள்.

அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே விரலை எடுப்பதற்குள் அக்கா பிடித்துவிட்டாள். அவன் நுனிவிரல்களை ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் தடவினாள். தோல் உரிந்து கறுத்த அந்த விரலுக்கு மென்மை தெரியுமா என்ன... தெரிந்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த சார்பதிவாளர் தாளைப் புரட்டியபடி கேட்டார், "முழு சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களா? யாரும் வற்புறுத்தலியே?" ஆமாம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், மேடையில் சிரிக்கிற சிரிப்புகூடத் தயாராக இருந்தது. "எத்தினி நாளாச்சுடா நீ வாசிச்சி?" என்றாள் அக்கா, மிக மெதுவாக. "ரெண்டு வருஷம்" என்றான், அவனைக் கேட்காமலே வந்துவிட்டது. "கிட்டாரெல்லாம்?" "வித்துட்டேன்க்கா." "வூடு?" அவன் மேசையில் இருந்த பத்திரத்தைப் பார்த்தான். அக்கா சார்பதிவாளரிடம் திரும்பினாள், "சார், கொஞ்சம் வெளிய போயி பேசிட்டு வந்துடுறோம் சார்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். திட்டுவாள் என்று காத்திருந்தான், அழுவாள் என்று காத்திருந்தான், பாதித் தோப்பை எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் ஆசையாகவும் இருந்தது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அப்படியானால் அது என்ன, எங்கே பார்த்திருக்கிறான் அதை... அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய அன்று. அக்கா அவனிடம் ஒரு நாளும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. பெரம்பலூரில் மகள் ஷாலினி மேரியை நர்சிங் சேர்க்கும்போதுகூடத் தோட்டைத்தான் விற்றாள். "எதுன்னாலும் எந்தம்பி இருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, கேட்காமலே, அந்தத் தைரியத்தில் மட்டும் இத்தனை வருஷம் தோப்பில் தனியாக நின்றிருக்கிறாள். தோப்பு போய்விடுமே என்று அவன் அல்லவா காலையிலிருந்து தவித்தான். போனது அவளுடைய அந்தத் தைரியம். மெஷினுக்கு லோன் வரும், வராமல் போகும், அது வேறு... ஒரு ஆபத்து என்றால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள், வெறுங்கையோடு பக்கத்தில் நிற்கிற அவனைத் தவிர?