வீடு திரும்பியதாகப் பதிவில்லை

மருந்துக்கடையின் தானியங்கிக் கதவுக்கு நேரே வெர்னாவின் மின் சக்கர நாற்காலி சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. கதவு மூடப் பார்த்தது, இவள் இருப்பதைக் கண்டு மறுபடி திறந்தது. பிப்ரவரிக் குளிர் கடைக்குள் புகுந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஓடெல் வந்து, சக்கரப் பூட்டை விடுவித்து, மூச்சிரைக்க வீடுவரை தள்ளினான்.

"இதுக்கு ஒரு பசுமாட்டைத் தள்ளிடலாம்."

"மாடா இருந்தா பாலாவது குடுக்கும்," என்றாள் வெர்னா.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். நரம்பு நோயில் கால்கள் போனபின் இந்த நாற்காலிதான் எல்லாம். அதன் இரண்டு பேட்டரிகளும் தேய்ந்துபோயிருந்தன. விடிய விடிய சார்ஜ் போட்டாலும் படுக்கைக்கும் சமையலறைக்கும் இடையில்தான் ஓடியது. மாற்றினால் இன்சூரன்ஸ் கொடுக்கும் என்றது நாற்காலிக் கம்பெனி. டாக்டரும் எழுதிக் கொடுத்தார். கடைசியில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது.

இன்சூரன்ஸுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் போனில் பியானோ இசை ஓடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், நீங்க பராமரிப்பு இல்லத்துல இருக்கீங்க. அங்க இருக்கிறவங்களுக்கு பேட்டரியெல்லாம் இல்லம்தான் தரணும்."

"நான் என் வீட்டு சமையலறைல உக்காந்திருக்கேன்மா."

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அடுப்புல சூப் கொதிக்குது. வேணா போனைக் கிட்ட வைக்கிறேன், கேளு."

அந்தப் பெண் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பிறகு பழைய குரலுக்குத் திரும்பினாள். "அந்த இல்லத்துக்காரங்கதான் திருத்தி அனுப்பணும், மேடம்."

போன இலையுதிர் காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து சில வாரம் அந்த இல்லத்தில் இருந்தது உண்மை. அனுப்பி வைத்தவர்கள், அவள் வீடு திரும்பியதை இன்சூரன்ஸுக்கு அனுப்பிய கடைசி பில்லில் குறிக்கவில்லை. எத்தனை முறை அழைத்தும் அங்கே பில் பிரிவில் யாரும் எடுக்கவில்லை. சர்ச்சில் ஒரு மடக்குச் சக்கர நாற்காலி இரவல் வாங்கி, ஓடெலின் காரில் நேரிலேயே போனார்கள்.

இல்லத்தின் தாழ்வாரத்தில் இமோஜீன் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரங்களில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். வெர்னாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? ஜன்னல் பக்கத்துக் கட்டில யாருக்கும் குடுக்க விடல நான்."

"நான் தங்க வரல, இமோஜீன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடுவித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. ஓடெல் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். கடைசியில் இமோஜீனுக்கு மதியச் சாப்பாடு வர, கை தானே விட்டது.

பில் பிரிவில் இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்து, "அட, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்க," என்றாள். ஏதோ தட்டினாள். அவ்வளவுதான். வெர்னாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. நன்றி சொன்னாள்.

திருத்தம் போய்ச் சேர்ந்து, நாற்காலிக் கம்பெனி மறுபடி பில் அனுப்பி, ஒப்புதல் வருவதற்குள் பனி உருகிவிட்டது. ஆள் வந்து பேட்டரிகளை மாற்றிவிட்டுப் போனான்.

"எங்க போகப் போற?" என்றான் ஓடெல், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"தெருக்கோடி வரைக்கும். சும்மா."

போனாள். சாலை ஈரமாக இருந்தது. நாற்காலி சத்தமில்லாமல் உருண்டது. இன்னும் எவ்வளவோ தூரம் போகலாம் என்று கைப்பிடியில் இருந்த பேட்டரி விளக்குகள் காட்டின. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு அவளுக்குத்தான் அலுப்பாக இருந்தது. சிறிது நேரம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுப் பக்கம் திருப்பினாள்.