கூண்டுக்குள் ஒரு பதவி உயர்வு

வீட்டில் எல்லோரும் அவரை ஜி.எம். என்றே சொன்னார்கள். ஆணிக் கம்பெனி ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது. அவர்தான் கம்பெனியை விடவில்லை. காபியில் சர்க்கரை குறைந்தால்கூட மனைவியை அழைத்து மீட்டிங் போடுவார்.

மருமகள் பல் டாக்டர். கணவன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில். ஒரு நாள் அவளுடைய ஜன்னல் வழியாகப் பட்ஜி என்கிற பச்சைக் குட்டிக் கிளி ஒன்று வந்து விழுந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. சின்னக் கூண்டு வாங்கி, ‘மிளகாய்’ என்று பெயர் வைத்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களையே பகலெல்லாம் பார்த்துவிட்டு வருபவளுக்கு, வாயைத் திறந்தால் மூடாத ஒரு ஜீவன் தேவைப்பட்டது. அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே மிளகாய் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வீட்டையே இரண்டாக்கும்.

ஏதோ பயிற்சிக்காக அவள் ஒரு வாரம் வெளியூர் போனதுதான் தாமதம், ஜி.எம். கிளியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மூன்றடுக்குக் கூண்டு வந்தது. அதற்குள் தங்கநிறச் சட்டம் போட்ட கண்ணாடி, பிளாஸ்டிக் கிளி, ஏணி, ஊஞ்சல், உருட்டுப்பந்து, கொத்துக்கொத்தாக மணிகள். எல்லாம் இருந்தது, கிளி சிறகை விரிக்க இடம்தான் இல்லை. உட்காரும் கொம்புகளையும் பதவி வரிசைப்படி அமைத்திருந்தார். மிக உயர்ந்த கொம்பிலேறி உட்கார்ந்த மிளகாய், கண்ணாடியில் தெரிந்த கிளிக்குத் தின்ற தினையைக் கக்கி ஊட்டிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்த மருமகள் கூப்பிட்டபோது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“கிளிக்கு மோட்டிவேஷன் பத்தலைம்மா” என்றார் ஜி.எம். “ஞாயித்துக்கிழமை எங்க பழைய டைரக்டர் வர்றார். அதுக்குள்ள தேறலைன்னா கூண்டு வாங்கின கடைக்காரன்கிட்டயே குடுத்துடலாம். லாயக்கில்லாத ஆளை வச்சிருக்கற வழக்கம் எங்க கம்பெனியிலயே கிடையாது.”

“அப்ப நீங்க எப்படி அத்தனை வருஷம் இருந்தீங்க?” என்றாள் மாமியார், தலையை நிமிர்த்தாமல்.

மருமகள் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “மாமா, மேல் கொம்புக்கு நேர் கீழ தண்ணிக் கிண்ணத்தை வச்சிருக்கீங்களே. அது போறதெல்லாம் தண்ணியிலதான் விழுது.”

“நிர்வாகம்னா அப்படித்தாம்மா. மேல இருந்து வர்றதைக் கீழ இருக்கறவன் ஏத்துக்கணும்.”

“இங்க மேல இருக்கறதும் அதுதான், கீழ வந்து குடிக்கறதும் அதுதான் மாமா.”

“பல்லே இல்லாத பிராணிக்குப் பல் டாக்டர் வைத்தியமா?” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அன்றே அவள் புடவையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கொம்புகளைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காய வைத்தாள். கிண்ணங்களைக் கொம்புகளை விட்டுத் தள்ளி மாட்டினாள். தட்டில் தினமும் புதுக் காகிதம். விளையாடுவதற்கு ஒரு சின்ன மணி, கடிக்க ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். கண்ணாடியை எடுத்தபோதுதான் வந்தது வினை. மிளகாய் வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டு, இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்துவிட்டது.

“திருப்பி வச்சிடலாமா அத்தை?”

“சும்மா இரு. நாற்காலி போனவங்க கொஞ்ச நாள் இப்படித்தான் இருப்பாங்க. எனக்குத் தெரியாதா?”

ஞாயிறும் வந்தது, டைரக்டரும் வந்தார். கிளி அசையவில்லை. ஜி.எம். தன் மூன்றடுக்குத் திட்டத்தை விளக்கி, அதில் குடும்பத்தார் தலையிட்டதை வருத்தத்தோடு சொல்லி, கடைக்காரனைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

“கொஞ்சம் இருங்க மாமா, தட்டை மாத்திட்டு வந்துடறேன்” என்றாள் மருமகள். வீட்டில் பழைய பேப்பர் தீர்ந்திருந்தது. மாமியார் கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை இழுத்துக் கொடுத்தாள். அது ஜி.எம். தன் பிரிவுபசார விழாவில் ஆற்றிய உரை. அச்சடித்ததில் பாதிக்குமேல் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. மருமகள் ஒன்றைத் தட்டில் விரித்தாள். இன்னொன்றை நீளநீளமாகக் கிழித்து மணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

மிளகாய் ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. ஓரடி நகர்ந்து, ‘அன்பார்ந்த’வின் முனையைக் கவ்வி இழுத்தது. கிழிந்த சத்தம் பிடித்துப்போயிற்று. அப்புறம் நிற்கவே இல்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மணியை அடித்து, ‘நன்றி வணக்கம்’ வரை பொடிப்பொடியாக்கி, சிறகை விரித்து உதறி, வீட்டையே இரண்டாக்கியது.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “யோவ், உன் பேச்சை முழுசா முடிச்ச முதல் ஆள் இதுதான்யா! நானே பாதியில தூங்கிட்டேன். இதையா கடைக்கு அனுப்பறேங்கற?”

ஜி.எம். போனைப் பைக்குள் போட்டார். “எல்லாம் நம்ம திட்டம்தான் சார்” என்றார்.

“மிளகாய்!” என்று மருமகள் கூப்பிட்டாள். வாய் நிறையக் காகிதத்தோடு அது பாய்ந்து வந்து கம்பியில் தொங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆமா, அந்தத் தங்கக் கண்ணாடி எங்கம்மா?” என்றாள் மாமியார்.

“மாமா ரூம்ல மாட்டியிருக்கார் அத்தை.”

“இருக்கட்டும். அந்தக் கிளிக்கும் துணை வேணும்ல.”