வெண்கல நட்டு

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை ஃபேக்டரியில் நீராவி வால்வைத் திறந்து மூடுவது அழகுத்தாயின் வேலை. அதன் சக்கரம் இறுகிப்போய் ஒரு மாதமாக அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. ரிப்பேர் என் பொறுப்பு. எனக்கும் சலித்துவிட்டது.

காரணம் தெரிந்ததுதான். டூரிஸ்ட்டுகள் பார்க்க வருகிறார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் ஜினோ சார் வால்வின் பழைய வெண்கல நட்டைக் கழற்றச் சொல்லி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடவைத்தார். சக்கரத்தோடு அதற்குள் சுழலும் தண்டும் ஸ்டீல். ஒரே உலோகம் உரசினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கிரீஸ் பூசலாமென்றால், தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்; டப்பாவை உள்ளேயே விடமாட்டார்கள். வெண்கலமென்றால் அது தேய்ந்து தண்டைக் காப்பாற்றும். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

“அவளுக்குத் தெம்பில்லா, அதான்,” என்றார் சார். அழகுத்தாயைக் கொழுந்து கிள்ள மலைக்கு அனுப்பினார். முழங்கால் போய், மலையேற முடியாமல்தான் அவள் ஃபேக்டரிக்கே வந்திருந்தாள். அவள் இடத்தில் சக்கரத்துக்கு வாட்டசாட்டமான இளவட்டம் லிபின் வந்தான்.

நான் பட்டறையில் சொல்லிவைத்து, அழகுத்தாய்க்கும் வாக்குக் கொடுத்திருந்த புது வெண்கல நட்டு அன்றைக்கென்று வந்து சேர்ந்தது. தண்டை வழவழப்பாக்கி மாட்டினேன். மறுநாள் லிபின் ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுழற்றினான்.

“கண்டோ? ஆம்பளக் கை!” என்று சார் அவன் முதுகில் தட்டினார்.

நட்டை மாற்றியதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இன்னொரு முறை பேசத் தெம்பில்லை. மாலையில் ஆவியை நிறுத்தியதும், பிசிறு எழும்பிய அந்த ஸ்டீல் நட்டையே திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் லிபின் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. சார் அவனைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்தார். உள்ளங்கை சிவந்தது.

“அவள விளி,” என்றார் கடைசியில்.

அழகுத்தாய் நொண்டிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகி, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துச் சக்கரத்தைத் திருப்பினாள். எலும்பு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு ஆவி ஓடியது. இதைத்தான் ஒரு மாதம் செய்திருக்கிறாள். அதுவரை அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

“இனி நீயே இங்க நில்லு,” என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டார்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி என் சட்டைப்பையைப் பார்த்தாள். உள்ளே வெண்கல நட்டு கனத்துத் தொங்கியது.

“அவரு போயாச்சு. இப்பவாச்சும் அத மாட்டுங்க, தம்பி.”