பேசாப் பெரியவரின் வலக்கை

மேற்கே சாய்ந்த ஞாயிறு நகரின் புகைக்குள் செம்மை மங்கிக் கிடக்க, பணி முடித்த மாந்தர் தத்தம் நிழலை முன்னே தள்ளிக்கொண்டு இல்லம் நோக்கி நடக்க, கடைகளின் இரும்புக் கதவங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உறுமி இறங்க, பகலெல்லாம் காய்ந்த தெருக்கள் உண்ட வெம்மையை மெல்ல உமிழ்ந்துகொண்டிருந்த பொழுது அது. பெருந்தெருவின் இரைச்சல் தேய்ந்து மறையும் இடத்தில், மரக்கிடங்கு ஒன்றின் முதுகை ஒட்டி நின்றது ஒரு சிற்பியின் பட்டறை. அதனுள், தலையற்ற உடல்களும் உடலற்ற தலைகளும் சுவரோரம் அணிவகுத்து நிற்க, நடுவே சுழல்மேடை ஒன்றின்மேல் ஈரத்துணி போர்த்தபடி முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கற்றறிந்தோரே, அவர் உயிருள்ளவர் அல்லர், களிமண்ணால் ஆனவர், வெண்கலமாக வார்க்கப்படும் நாளை நோக்கிக் காத்திருந்தவர்.

ஊரார் அவரைப் பேசாப் பெரியவர் என்றனர். நடுவயதில் வாய்வாளா நோன்பு பூண்டு, இறக்குமட்டும் அதனைக் காத்தவர் என்பது அவர்தம் அடியவர் நம்பிக்கை. துயருற்றோர் திருமுன் வந்து நின்று தம் ஐயத்தை உரைப்பர். அவர் வலக்கையை முன்னே நீட்டினால் 'செய்க' என்பதும், பக்கவாட்டில் அசைத்தால் 'வேண்டா' என்பதும் விடையாகக் கொள்ளப்படும். திருமணங்கள் அக்கையசைவில் முடிந்தன; வழக்குகள் அக்கையசைவில் கைவிடப்பட்டன. அவர் மறைந்தபின் அடியவர் கூடிச் சிலை எடுக்கத் துணிந்தனர். முகம் அமைந்தது, நெற்றியின் நீற்றுக்கோடும் அமைந்தது. வலக்கை மட்டும் மணிக்கட்டோடு நின்று, வெறுங்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று அங்கு வந்தவர் மூவர். கூட்டந்தோறும் முதலிடம் பிடித்து அமர்ந்ததால் முன்வரிசையார் என்று பெயர் பெற்ற அடியவர் ஒருவர். கட்டடங்களுக்கு வரைபடம் வரைந்து பிழைக்கும், மனைவியை இழந்த இளைஞன் ஒருவன். அவனுடைய மாமியார்.

"கையப் பத்தி ஆளுக்கு ஒரு விதமா சொல்றீங்க," என்றார் சிற்பி, கையிலிருந்த மண்ணைப் பிசைந்தவாறே. "நாளைக்கு அச்சு எடுத்தாகணும். அதுக்கப்புறம் அந்தப் பெரியவரே எந்திரிச்சு வந்து கேட்டாலும் மாத்த முடியாது."

"கைய முன்னால நீட்டி, 'போ, செய்'னு காட்டுவார். பக்கத்துலயே உக்காந்து பார்த்தவன் சொல்றேன்," என்றார் முன்வரிசையார்.

"பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டுல்ல உக்காந்திருந்தீங்க," என்றார் சிற்பி.

மாமியார் வாய்பொத்திச் சிரித்தார். "எங்க மாப்பிள்ளையக் கேளுங்க. கடைசி வரைக்கும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டதெல்லாம் அவர்தான்."

வரைவாளனான அவ்விளைஞன் அக்கம்பியைப் பார்த்தான். நகம் வெட்டியும் துடைத்தும் தாங்கியும் அவன் அறிந்த கை அது.

முதன்முதல் அவன் அதனைக் கண்டது மணமான புதிதில். நம்பிக்கையற்றவனாய், மனைவி இழுத்த இழுப்புக்கு வந்து நின்றவனைப் பெரியவர் ஏற இறங்க நோக்கி, அவன் சட்டைப்பையிலிருந்த மழுங்கிய எழுதுகோலை எடுத்து, பழம் நறுக்கும் கத்தியால் பொறுமையாய்ச் சீவி, கூரான முனையைத் தம் விரல்நுனியில் குத்திப் பார்த்துத் திருப்பித் தந்தார். அவ்வளவே. அறிவுரை சொல்லாத ஆசான் ஒருவரை அன்றுதான் அவன் கண்டான். மலைக்கல்போல் நடுங்காதிருந்தது அன்று அந்தக் கை.

ஆண்டுகள் சில கழிந்து, மனைவியின் வயிற்றில் கட்டி கண்டு, அறுவையைத் தள்ளிப்போடலாகாது என்று மருத்துவர் கூறியபோது, "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்ங்க," என்றாள் அவள். எழுதுகோல் சீவித் தந்தவரிடம்தானே என்று அவனும் உடன் சென்றான். அறுவை செய்துகொள்ளலாமா என்று உடன்வந்த தாய் உரக்கக் கேட்க, மகள் கைகூப்பி நிற்க, பெரியவரின் கை சற்றே எழுந்து பக்கவாட்டில் அசைந்தது. தேர்வு இல்லை என்று கேட்ட சிறுமிபோல் அவள் முகம் மலர்ந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த கோடை முற்றுமுன் இறந்தாள்.

பூட்டிய வீட்டைத் திறக்க மனமின்றி அவன் பெரியவரின் இருப்பிடத்திலேயே தங்கி அவர்க்குப் பணிசெய்யத் தொடங்கினான். நோயுற்றிருந்த அவரிடம் இறப்புச் செய்திகளை எவரும் சொல்வதில்லை, அவனும் சொன்னானில்லை. ஒரு நண்பகலில், உறங்கும் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தவன், மார்பின்மேல் கிடந்த வலக்கை தானே எழுந்து, காற்றில் ஆடும் கொடிபோல் பக்கவாட்டில் அசைவதைக் கண்டான். கேட்பார் எவருமில்லை, கேள்வியும் இல்லை. ஆயினும் கை 'வேண்டா, வேண்டா' என்றது.

விழித்த பெரியவர் அவன் பார்வை சென்ற இடத்தைக் கண்டார். எத்தனையோ ஆண்டுகளாய்த் திறவாத வாய், துருவேறிய கதவம்போல் திறந்தது.

"பார்த்துட்டியா?"

அவன் விசிறியைக் கீழே வைத்தான்.

"அது என் பேச்சக் கேக்கறதில்லப்பா. ரொம்ப நாளாச்சு. வாயத்தான் நானே கட்டிப்போட்டுட்டேனே, எப்படிச் சொல்றது? நீங்களா ஒண்ணப் புரிஞ்சுக்கிட்டுப் போயிடறீங்க." சற்று மூச்சு வாங்கினார். "உன் வீட்டுக்காரி ஒரு தடவ வந்து நின்னாளே. 'போம்மா, செஞ்சுக்கோ'ன்னுதான் சொல்ல நினைச்சேன். கை முன்னால போகல. அவ செஞ்சுக்கிட்டாளா?"

"செஞ்சுக்கிட்டா சாமி."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"அப்ப சரி," என்ற பெரியவர், இடக்கையால் வலக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தையை உறங்கவைத்துத் தானும் உறங்கும் தாய்போல் கண்மூடினார். பின்னர் அவர் பேசவேயில்லை. ஒரு சொல், நோன்பினும் சிறிய ஒரே ஒரு சொல், உரிய நாளில் அவ்வாயினின்று உதிர்ந்திருக்கலாகாதா என்று சினக்க முயன்றான் வரைவாளன். சினம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அவர் வாயைத் துடைத்துவிட்டு, பால்கிண்ணத்தைக் கழுவி வைத்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "கை பக்கமாத்தானே இருக்கணும்? என் பொண்ணுக்கு அப்படித்தானே காட்டினார். கத்தி படாம, முழுசாப் போய்ச் சேர்ந்தா. அத நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருது."

முன்வரிசையார் சொன்னதே மெய். பெரியவர் எண்ணியதும் அதுவே. ஆனால் அதனைச் சொன்னால், மகளைக் கொன்றது வெறும் நடுக்கம் என்பதையும் இம்முதியவளிடம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு எஞ்சியிருந்த அந்தத் தூக்கத்தையும் பறிக்க அவனுக்கு வலிமை இல்லை.

"ஆமா அத்தை," என்றான். "பக்கமாத்தான்."

"அப்படியே கொஞ்சம் காட்டிக்கிட்டு நில்லுங்க தம்பி," என்ற சிற்பி, அவன் கையைப் பார்த்துப் பார்த்துக் கம்பியின்மேல் மண்ணை அப்பினார். முன்வரிசையார் முகம் சுளித்து வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளங்கை திரண்டது, விரல்கள் பிரிந்தன, சிற்பியின் கருவி நகங்களையும் கீறி முடித்தது. மாமியார் எழுந்து வந்து, ஈரம் உலராத அக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்படியே இருக்கு. அவரே வந்து உக்காந்த மாதிரி." பின்பு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்டச் சொல்லல மாப்பிள்ளை. நெஞ்சுல அடைப்பு இருக்காம். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்ங்கறார் டாக்டர். சிலை வரட்டும், முதல்ல சாமியக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்," என்றார்.

"டாக்டர் சொன்னாச் செஞ்சுக்கங்க அத்தை. கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"கேக்காமச் செய்யலாமா? அவளே கேட்டுட்டுத்தானே போனா," என்று அவர் முறுவலித்தார்.

சொல் ஒன்று அவன் தொண்டைவரை வந்தது. அதனைச் சொன்னால் மகளை மீண்டும் ஒருமுறை சாகடிக்க வேண்டும். சொல்லாவிடின் தாயும் போவாள். இரண்டையும் எடையிட்டபடி அவன் நின்றான். நிற்க நிற்க, வாய் தானே மூடிக்கொண்டது. சிற்பி விளக்கைத் தணித்தார். மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கற்றறிந்தோரே, உயிருள்ள கையாயின் ஒருநாளேனும் தளர்ந்து முன்னே சாய்ந்திருக்கக் கூடும். வெண்கலத்துக்கு அத்தளர்ச்சி இல்லை. இனி எவர் வந்து எது கேட்பினும் அக்கை ஒன்றையே சொல்லும். அதன் பொருளறிந்த ஒருவனோ, ஆசானின் நோன்பைத் தனதாக்கிக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துப் படியிறக்கி, இருண்ட தெருவில் வீடு நோக்கி நடந்தான்.